மயிலாப்பூர் வாசகிக்கு: ஒன்பது பூனைகளுக்குச் சோறு வைப்பது பற்றி

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மயிலாப்பூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வண்டி நிறுத்துமிடத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்த இரண்டு பூனைகளுக்குப் பாலும் தயிர் சாதமும் வைக்கத் தொடங்கினேன். இன்று ஒன்பது வருகின்றன. அவற்றில் மூவண்ணப் பெட்டை ஒன்று, மோட்டார் அறைக்குப் பின்னால் நான்கு குட்டிகள் போட்டு மூன்று வாரம் ஆகிறது. சில பூனைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. கடுவன்கள் இரவில் சண்டையிடுகின்றன, வண்டிகளின்மேல் சிறுநீர் அடிக்கின்றன என்று புகார். எதிர்வீட்டுப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள்; பூனையால் கருவுக்குக் கேடு வரும் என்று அவளுடைய மாமியார் அஞ்சுகிறார். "எல்லாவற்றையும் சாக்கில் பிடித்து மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம்" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. நான் சோறு வைப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள அம்மையார் அவர்களுக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது வைக்கும் விதத்தை மாற்றியாக வேண்டும். கால்நடை மருத்துவனாக நான் கண்டவரை, தெருப்பூனைகளால் ஒரு குடியிருப்பில் எழும் சண்டைகளில் பெரும்பகுதி, உணவு எந்த நேரத்தில் எப்படி வைக்கப்படுகிறது என்பதிலிருந்தே கிளம்புகிறது. நாள் முழுவதும் ஒரு மூலையில் கிண்ணம் இருந்தால் பூனைகள் தங்கள் விருப்பப்படி வந்து போகும்; எத்தனை வருகின்றன, எது சினையாக இருக்கிறது, எது இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது உங்களுக்கே தெரியாது. அதே உணவைக் குறித்த நேரத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டால், பத்துப் பதினைந்து நாட்களில் ஒன்பதும் அந்த நேரத்துக்கு உங்கள் கண்முன் வந்து நிற்கும். எண்ணுவது, நோயைக் கவனிப்பது, மருந்து கொடுப்பது, பிடித்துக் கருத்தடை செய்வது, அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்துவது ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பழக்கமே அடிப்படை.

காலை ஆறரை மணிக்கு ஒரு முறை, மாலை ஏழரை மணிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தையும், பெரியவர்கள் நடைப்பயிற்சிக்கு இறங்கும் நேரத்தையும் தவிர்த்தால் போதும். இடம் படிக்கட்டிலிருந்தும் வாயிலிலிருந்தும் ஒதுங்கியிருக்க வேண்டும். தரையில் சோற்றைக் கொட்டாமல், கழுவக்கூடிய எவர்சில்வர் தட்டுகளில், பூனைக்கு ஒரு தட்டு என்று இரண்டடி இடைவெளி விட்டு வையுங்கள். ஒரே தட்டில் வைத்தால் வலிய கடுவன் தின்றுவிடும். சினைப் பெட்டையும் குட்டியும் பட்டினி கிடக்கும். எறும்பு ஏறாமலிருக்க, தட்டை விடச் சற்றுப் பெரிய, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் தட்டை வைக்கலாம். மிச்சத்தை விட்டுவிட்டுப் போனால் காக்கையும் பெருச்சாளியும் வரும். சென்னையில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவுவதை நினைத்துப் பார்த்தால், மிச்சச் சோற்றைப் பற்றி உங்கள் சங்கத்தார் சொல்லும் குறை நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

இனி உணவுக்கு வருகிறேன். உங்கள் பூனைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் பாலே காரணமாக இருக்கும். தாய்ப்பால் மறந்த பூனையின் குடலில், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி மிகவும் குறைந்துவிடுகிறது. பூனை பாலை விரும்பிக் குடிக்கும் என்பது உண்மை. குடித்ததைச் செரிக்க முடியாமல் கழியும் என்பதும் உண்மை. தயிரில் அந்தச் சர்க்கரை சற்றுக் குறைவு என்பதால் தொல்லையும் சற்றுக் குறையும். ஆனால் தயிர் சாதத்தில் வேறொரு குறை இருக்கிறது.

பூனை இறைச்சியைத் தின்றே வாழும்படி படைக்கப்பட்ட உயிர். நாயைப் போல அது சோற்றையும் பருப்பையும் கொண்டு காலம் தள்ள முடியாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் தானே தயாரித்துக்கொள்வதில்லை. அது இறைச்சி, மீன், ஈரல், இதயம் ஆகியவற்றில் மட்டுமே நிறைவாகக் கிடைக்கிறது. டாரின் இல்லாத உணவை மாதக்கணக்கில் தின்ற பூனைக்கு விழித்திரை சிதைந்து மெல்ல மெல்லப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து விரிந்து, ஒருநாள் அது திடீரென்று இறந்துவிடவும் கூடும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987 இல் தான் உறுதியாயிற்று. அதன் பிறகு பூனைத் தீவனங்களில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். இன்னொன்றும் உண்டு. காரட், கீரை போன்றவற்றிலுள்ள நிறச்சத்தை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலால் அது இயலாது. உங்கள் பூனைகள் இந்த இரண்டு ஆண்டுகளாக உயிரோடு இருப்பதற்கு, அவை வெளியே பிடித்துத் தின்ற எலியும் பல்லியும் அணிலும், கறிக்கடைக் குப்பையும்தான் காரணம். தயிர் சாதம் அவற்றின் பசியை அடக்கியது. உடலைத் தாங்கியது வேறு உணவு.

இதைப் படித்து நீங்கள் மனம் வருந்த வேண்டாம். சைவ வீட்டிலிருந்து பூனை வளர்ப்பவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி, பூனைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட உலர் தீவனம். அதை உங்கள் சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. மூடியிட்ட டப்பாவில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வெயில் படாமல் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். நாய்த் தீவனம் விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். பூனைக்கு வேண்டிய டாரினும் புரதமும் அதில் போதாது. மூன்று கிலோ எடையுள்ள ஒரு பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 180 கலோரி வேண்டும்; உலர் தீவனமாகச் சொன்னால் 45 முதல் 50 கிராம். அதை இரு வேளைக்குப் பகிர்ந்து கொடுத்தால், ஒன்பது பூனைகளுக்கு வேளைக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். பால் கொடுக்கும் மூவண்ணப் பெட்டைக்கு மட்டும் இரண்டு மூன்று மடங்கு கொடுக்கலாம். அவள் எவ்வளவு தின்றாலும் தகும். திடீரென்று மாற்றாமல், முதல் வாரம் சாதத்தோடு கலந்து, தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

குடியிருப்பில் வேறு யாரேனும் மீனோ கோழியோ வேகவைத்துத் தர முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அது தீவனத்தைவிடப் பூனைக்கு மகிழ்ச்சியான உணவு. அவர்களிடம் சில செய்திகளைச் சொல்லிவிடுங்கள். உப்பு, மிளகாய்த்தூள் சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். குழம்பில் போட்டுக் கழுவியெடுத்த மீன் துண்டு தீங்கற்றது என்று பலரும் நினைக்கிறார்கள்; அதில் ஊறிய வெங்காயச் சாறு கழுவினால் போகாது. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1 ஐ அழித்துவிடும். தொடர்ந்து அப்படித் தின்ற பூனை தலையைக் கீழே கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் உணவிலேயே பிசைந்து கொடுக்க வேண்டும். டாரின் நீரில் கரைந்து அதில் தான் இறங்கியிருக்கும். கோழியையும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பூனைகளையும் கொல்லும். ஆனால் வெந்த எலும்பு கூர்மையாக முறிந்து குடலைக் கிழிக்குமாதலால் அதை நீக்கிவிட வேண்டும். ஈரலை வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவு கொடுக்கலாம். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவு மீறிக் கழுத்தெலும்பு இறுகிப்போகும். கருவாட்டில் உப்பு மிகுதி, அது வேண்டாம்.

தண்ணீரை உணவிலிருந்து தள்ளி, அகலமான மண்சட்டியில் வைத்து, தினமும் மாற்றுங்கள். உலர் தீவனம் தின்னும் பூனைக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்ப்பையில் படிகம் சேரும். கடுவனுக்கு அதனால் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும். ஒரு கடுவன் திரும்பத் திரும்ப முக்கி முக்கி உட்கார்ந்து, சிறுநீர் வராமல் கத்துவதைப் பார்த்தால், மலச்சிக்கல் என்று எண்ணி மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் நிழலில் இரண்டு சட்டிகள் வையுங்கள்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இரண்டு தவறுகளால் நான் பார்த்த மரணங்கள் பல என்பதால், அவற்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது முதல் தவறு. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். முகம் வீங்கி, ஈறு பழுப்பு நிறமாகி, மூச்சுத் திணறி அது இறக்கும். மனிதருக்கான எந்த வலி மாத்திரையையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, ஃபினாயில். பூனை அடித்த சிறுநீரைக் கழுவ வண்டி நிறுத்துமிடம் முழுவதும் ஃபினாயில் ஊற்றுவார்கள். ஈரத்தில் நடந்த பூனை பாதத்தை நக்கும். அதே கல்லீரல் குறைபாட்டால் அந்த நஞ்சும் உடலில் தங்கிவிடும். சோப்புத் தண்ணீரால் கழுவி, நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் தண்ணீர் விட்டு அலசினால் நாற்றமும் போகும், ஃபினாயிலுக்கு அசையாத பூனைக் கொள்ளைநோய்க் கிருமியும் சாகும். குட்டிகளைக் கூட்டம் கூட்டமாக வாந்தி பேதியில் கொல்லும் அந்த நோயின் வைரஸ் தரையில் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். உண்ணிக்காக நாய்களின் முதுகில் விடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தையும் பூனைமேல் விடக் கூடாது என்பதைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி. இரண்டு பூனைகள் ஒன்பதானது எப்படி என்று நீங்கள் வியப்பதாகத் தோன்றுகிறது. பெட்டைப் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படத் தகுதி பெறுகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 65 நாட்கள். ஈன்ற சில வாரங்களில், குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மீண்டும் பருவத்துக்கு வந்துவிடலாம். பூனையின் பருவத்தைத் தீர்மானிப்பது பகலின் நீளம். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பெட்டைகள் பருவத்துக்கு வருவதில்லை. அந்த ஓய்வு அவற்றுக்கு இயற்கையாகவே கிடைக்கிறது. சென்னையிலோ மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. ஆகவே இங்கே பெட்டைப் பூனைக்கு ஆண்டு முழுவதும் பருவகாலம் தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். இந்தக் கணக்கில் ஒன்பது என்பது மிகச் சிறிய எண். ஏனையவை எங்கே என்றால், தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஆறு மாதத்தைக் காண்பதில்லை. சக்கரத்தில் சிக்கியும், நாய் கடித்தும், கண் புழுத்தும், பேதியிலும் அவை போய்விடுகின்றன. கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைத்தால், சாவதற்கென்றே குட்டிகள் பிறந்துகொண்டிருக்கும். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மேசைமேல் அப்படிப்பட்ட குட்டிகளைக் கிடத்திப் பார்த்தவன் என்பதால் மென்மையாகச் சொல்ல வரவில்லை.

பெட்டைகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு கடுவனை விட்டுவைத்தாலும் அது எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும். ஒரு பெட்டைக்குக் கருத்தடை செய்தால் அதன் ஈற்று அத்தனையும் உறுதியாக நின்றுவிடும். எது பெட்டை என்று குழம்பினால் மூவண்ணப் பூனையைப் பற்றி மட்டும் ஐயம் வேண்டாம். கறுப்பும் செம்மையும் வெள்ளையும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையே. அறுவைக்கு முதல்நாள் மாலை உணவோடு நிறுத்திவிட்டு, காலையில் பொறிக்கூண்டுக்குள் மணமான மீனையோ ஈரமான தீவனத்தையோ வைத்தால், குறித்த நேரத்தில் உண்டு பழகிய பூனை தானாக நுழையும். நீங்கள் நேரம் தவறாமல் சோறு வைத்ததன் பயன் அன்று தெரியும். கதவு விழுந்தவுடன் கூண்டை அடர்ந்த துணியால் மூடிவிடுங்கள். இருட்டில் பூனை அடங்கிவிடும். கையால் பிடித்துச் சாக்கில் போட முயலவே வேண்டாம். மிரண்ட பூனையின் கடி எலும்பு வரை இறங்கும்.

1903 இல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, 1959 இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பிலோ, மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனையிலோ முன்கூட்டியே விசாரித்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டு இரவலாகக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். இடது காதின் நுனியை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நேராக வெட்டிவிடவும் சொல்லுங்கள். பார்க்க மனம் சங்கடப்படும். ஆனால் அந்த அடையாளம் இல்லாவிட்டால் ஏற்கெனவே அறுவை செய்த பெட்டையை இன்னொருவர் பிடித்து மீண்டும் வயிற்றைத் திறக்க நேரும். கடுவனை ஒரு நாளும், பெட்டையை இரண்டு மூன்று நாட்களும் ஓர் அறையில் வைத்துக் கவனித்து, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும்.

கடுவன்களையும் அடுத்தடுத்துச் செய்துவிட்டால், சங்கத்தில் எழுந்த புகார்களில் பாதி தாமாகவே அடங்கும். இரவுச் சண்டையும், வண்டிமேல் பீய்ச்சும் அந்தக் கடும் நாற்றமுள்ள சிறுநீரும் கடுவனின் பருவச் சுரப்பால் விளைபவை. விதை நீக்கிய சில வாரங்களில் பெரும்பாலான கடுவன்கள் இரண்டையும் விட்டுவிடும். பூந்தொட்டியில் மலம் கழிப்பதைத் தடுக்க, ஒதுக்குப்புறத்தில் அகலமான பெட்டியில் மணல் நிரப்பி வைத்து, தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். செலவை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் போய் 'பூனைகள்மேல் இரக்கம் காட்டுங்கள்' என்று கேட்பதைவிட, 'நான்கு பெட்டைகளுக்கு இன்ன தேதியில் அறுவை, இவ்வளவு செலவு, பங்கு தர முடியுமா' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், எதிர்த்தவர்களில் சிலரே பணம் தருவார்கள். நான் இதைப் பல குடியிருப்புகளில் கண்டிருக்கிறேன்.

மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடும் யோசனையை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். மீன் நிறைய இருக்கும் இடத்தில் பூனை பிழைத்துக்கொள்ளும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளுக்கு அது எல்லைக்குள் புகுந்த பகைவன். உங்கள் பூனை அடிபட்டு, ஒளிந்து, வீடு திரும்பும் முயற்சியில் சாலையைக் கடக்கும். காலியான உங்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கோ, அடுத்த தெருவிலிருந்து கருத்தடை செய்யப்படாத வேறு பூனைகள் சில மாதங்களில் வந்து சேரும்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பட்டினியால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டம் பிறக்கக் காரணமான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர், நம் அடையாற்றில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். விஷம் வைத்தோ வேறு வகையிலோ விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325 ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், 2023, குடியிருப்புக்குள் உரிமையாளர் இல்லாமல் வாழும் சமூக விலங்குகளுக்கு உணவு வைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே ஒப்படைக்கின்றன. அதே விதிகள், உணவிடும் இடம் படிக்கட்டு, வாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும், குழந்தைகளும் முதியோரும் நடமாடும் நேரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும், குப்பை சேரக் கூடாது என்று உணவிடுபவருக்கும் கடமை வகுக்கின்றன. இந்தக் கடமைகளை நீங்கள் முதலில் நிறைவேற்றிக் காட்டிவிட்டு, அதன் பிறகு விதியை எடுத்துக் காட்டினால் பேச்சு சுமுகமாக நடக்கும். சட்டப் பிரிவை முதலில் நீட்டிய இடங்களில் பகை முற்றிப் பூனைகளுக்கே தீங்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிய அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அது முற்றிலும் ஆதாரமற்றதன்று. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கக்கூடியதே, அது பூனையின் மலத்தில் வெளியேறுவதும் உண்மையே. ஆனால் ஒரு பூனை முதன்முதலில் தொற்றுக்கு ஆளாகும்போது, வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை, இரண்டு மூன்று வாரங்கள் மட்டும் அதை வெளியேற்றுகிறது. வெளியேறிய பின்னும் அது தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே மணல் பெட்டியை நீங்கள் தினமும் சுத்தம் செய்தாலே அபாயம் பெரிதும் நீங்கிவிடும். பூனை எதிரே நடந்துபோவதால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் நேராது. அரைகுறையாக வெந்த இறைச்சி, கழுவாத கீரை, கையுறையின்றி மண்ணைக் கிளறும் தோட்டவேலை ஆகியவற்றின் வழியாகவே பலருக்கு இது தொற்றுகிறது. அந்த மாமியாரைச் சந்தித்து இதை நீங்களே பொறுமையாகச் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் கேட்டால் இரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். குழந்தை பிறக்கும்வரை அவர்களது வாசல் பக்கம் இருக்கும் தொட்டிகளை வலை போட்டு மூடிக்கொடுத்தால் அவர்கள் மனமும் ஆறும்.

வெறிநோய் நாயோடு நிற்பதன்று. பூனைக்கடியாலும் வரும், வந்தால் மீட்பில்லை. பூனை பல்லால் கடித்தாலும் நகத்தால் கீறி இரத்தம் கசிந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று ஊசியைத் தொடங்குங்கள். 0, 3, 7, 28 ஆம் நாட்களில் தோலுக்குள் போடும் முறை அங்கே இலவசம். மஞ்சளோ மிளகாயோ வைத்துக் கட்டாதீர்கள். தினமும் ஒன்பது பூனைகளோடு பழகும் நீங்கள், கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், நனையாத கதகதப்பான இடம் தேடிப் பூனைகள் காரின் முன்மூடிக்குள் ஏறிப் படுத்துவிடும். வண்டியை எடுக்குமுன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டும்படி 24 வீட்டாரிடமும் காவலாளியிடமும் சொல்லி வையுங்கள். கவிழ்த்து வைத்த பழைய பிளாஸ்டிக் கூடையில் நுழைவழி வெட்டி, உள்ளே சாக்கு விரித்து நான்கைந்து இடங்களில் வைத்தால் அவை காரை நாடுவது குறையும்.

கடைசியாக மோட்டார் அறைக் குட்டிகள். தாய் வந்து போய்க்கொண்டிருக்கும்வரை அவற்றை எடுத்துப் புட்டிப்பால் ஊட்ட முற்படாதீர்கள். தாய் இரை தேடிச் சில மணி நேரம் விலகியிருப்பது இயல்பு. தாய் நாள் முழுவதும் வராமல் குட்டிகள் ஓயாமல் கத்தினால் மட்டும் தலையிடுங்கள். அப்போதும் முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியால் உடம்பைச் சூடாக்க வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காமல் இறந்துவிடும். மாட்டுப்பாலை விட்டுப் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவையே, குட்டியைக் குப்புறக் கிடத்தி ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். தாய் இருப்பதால் இது எதுவும் உங்களுக்குத் தேவைப்படாமல் போகட்டும்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது வேறொன்று. இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி, ஆயுள் முழுவதும் மனிதருக்கு அஞ்சாது. தாய் உங்களிடம் பழகியவள் என்றால், அவள் சாப்பிடும் நேரத்தில் தினமும் பத்து நிமிடம் ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்துத் தடவுங்கள். எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, நல்ல வீடுகளுக்குத் தத்து கொடுக்க முடியும். அக்கம்பக்கத்தில் இன்றே சொல்லி வைக்கத் தொடங்குங்கள். வாங்கிக்கொள்பவர் குட்டியின் ஆறாவது மாதத்துக்குள் கருத்தடை செய்வதாக வாக்களிக்க வேண்டும், தயங்குகிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

குட்டிகளுக்கு இப்போது மூன்று வாரம். இன்னும் நான்கு வாரத்தில் அவை தாமே தின்னத் தொடங்கியிருக்கும், தாய்க்கும் பால் வற்றத் தொடங்கியிருக்கும். அந்த வாரத்துக்குள் மூவண்ணப் பெட்டைக்கு அறுவை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் அவள் மறுபடியும் சினையோடு தான் மேசைக்கு வருவாள். மற்றப் பெட்டைகளுக்குக் காத்திருக்கக் காரணமே இல்லை. திங்கட்கிழமை காலை தொலைபேசியில் அழைத்து, முதல் மூன்று பெட்டைகளுக்கும் அவளுக்கும் சேர்த்தே நாள் கேளுங்கள்.